வன்னியில் பூட்டனைத் தேடுவதென்றால் வயலில் இருந்து தொடங்குங்கள்

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்கட பூட்டன்ர பேர் இது, இவரை எந்தப் பதிவில பாக்கலாம்?" பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் வட இலங்கையின் வன்னிப் பகுதியில் அது சீக்கிரமே எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளையின் மகனுக்கு மறுபடி கந்தையா என்று பாட்டன் பெயர், அதே காலத்தில் பக்கத்து ஊரில் இன்னொரு வேலுப்பிள்ளை கந்தையா, அவருக்கும் ஒரு முதிரை மரத்தடி வளவு. இதில் உங்களுடையவர் யார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆனால் நிலம் அப்படிக் குழம்பாது. வெள்ளைக்காரனுக்கு ஆட்களில் பெரிய அக்கறை இருக்கவில்லை, நிலத்திலும் வரியிலும் இருந்தது, ஒல்லாந்தனுக்கு (டச்சுக்காரனுக்கு) யானையில் இருந்தது. அவர்கள் எதை அக்கறையாக எழுதி வைத்தார்களோ அந்த வழியாகப் போனால்தான் நம் ஆட்கள் தட்டுப்படுவார்கள். வயலின் பெயர், எந்தக் குளத்தின் கீழ் அது இருந்தது, காணிக்கு நாலு பக்கமும் யார் யார் எல்லை, இந்த மூன்றும் கையில் இருந்தால் ஆளின் பெயர் அரைகுறையாகத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம்.

முதல் வேலை வீட்டில். பழைய உறுதி (காணிப் பத்திரம்), பெர்மிட், வரிப் பற்றுச்சீட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் ஒரு ட்ரங்குப் பெட்டி முழுசாக மிஞ்சிய வீடு அரிது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஊரில் இருப்பவர்களை மட்டும் கேட்டு நிறுத்தாமல், 80களிலும் 90களிலும் வெளிநாடு போன சித்தப்பா, பெரியம்மா வீடுகளையும் கேளுங்கள். அகதி விண்ணப்பத்துக்கும் ஸ்பொன்சர் வேலைக்கும் என்று அவர்கள் கொண்டுபோன போட்டோப் பிரதிகள் சில சமயம் மூலத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்கும். அப்புறம், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர். இதை நம் ஆட்கள் ஏன் மதிப்பதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், சகோதரங்கள், மருமக்கள் எல்லாம் ஒரே இடத்தில் அச்சில் இருக்கும். தேவாரத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள், கோவில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள் நிறைய ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஆளின் பெயரை அல்ல.

வயதானவர்களிடம் பேசும்போது "உங்கட தாத்தா பேர் என்ன" என்று தொடங்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "அந்த நேரம் எந்த வயல் செய்தனீங்கள், வட்டவிதானை (வயல் தண்ணியைப் பார்க்கும் பொறுப்பாளர்) யார், தண்ணி எந்த வாய்க்காலால வந்தது, பக்கத்து வயல் யாருடையது" என்று கேளுங்கள். வன்னியில் ஒரு கிழவருக்குத் தன் தாத்தாவின் பெயர் மறந்திருக்கலாம், குளத்துத் துருசு (மதகு) எந்தப் பக்கம் என்பது மறக்காது. பேச்சு வயலுக்குப் போனால் ஆட்கள் தானாக வருவார்கள்.

உறுதியை வாசிப்பது

உறுதி ஒன்று கிடைத்துவிட்டால் அவசரப்பட்டு விற்றவர், வாங்கியவர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு விடாதீர்கள். அதில் மூன்று இடங்களில் ஆட்கள் ஒளிந்திருப்பார்கள். ஒன்று, காணி எப்படி வந்தது என்று சொல்லும் உரித்துப் பகுதி. "எனது தகப்பனார் இன்னாருக்கு இன்ன இலக்க உறுதிப்படி, இன்ன திகதியில், இன்ன நொத்தாரிசு முன்னிலையில்" என்று வரும். அந்த இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்ட அலுவலரின்) பெயரும்தான் உங்களை ஒரு தலைமுறை பின்னால் கொண்டுபோகும் படி. இரண்டாவது எல்லைகள். ஒரு பெரிய காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தால் பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் கூடப் பிறந்தவராகத்தான் இருப்பார், ஆகவே கிழக்கு எல்லையில் உள்ள பெயரைக் கண்டபடி தள்ளாதீர்கள். மூன்றாவது சாட்சிகள். சொந்தக்காரரோ அயலவரோ ஊர் விதானையோ ஆக இருப்பார்கள், கையொப்பம் போடத் தெரியாதவர் அடையாளம் இட்டிருப்பார்.

சீதன உறுதி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கின் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்து திசாவையாக (ஒல்லாந்த நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தார், ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று அது சொத்தைப் பிரிக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த காணி பெண் வழியாகவே இறங்கும், கல்யாணமான பெண் தன் காணியை விற்பதற்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தச் சட்டம் பெண்களுக்கு நியாயமானதா என்பது வேறு கதை. தேடுகிறவருக்குக் கிடைக்கும் லாபம் என்னவென்றால், தாய், தகப்பன், மகள், மருமகன் நாலு பேரும் ஒரே பத்திரத்தில் பெயரோடு நிற்பார்கள். மற்ற நாடுகளில் பெண் வழியைத் தேடுவது பெரும் பாடு, இங்கே அதுதான் சில நேரம் இலகுவான வழி.

உறுதிகளைப் பதிவு செய்யும் முறை 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தோடு ஒழுங்காக வந்தது, பின்னர் 1927இல் புதிய பதிவுச் சட்டம். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம், ஃபோலியோ என்பார்கள். அந்தப் பக்கம் நிரம்பினால் வேறு தொகுதிக்குப் போகும், புதிய பக்கத்தின் தலைப்பில் "இன்ன தொகுதி இன்ன பக்கத்தில் இருந்து கொண்டுவரப்பட்டது" என்று இருக்கும். அதைப் பிடித்துப் பின்னால் பின்னால் போவதுதான் வேலை முழுவதும். உங்களிடம் உறுதியே இல்லை என்றாலும் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடலாம், ஊரும் காணியின் பெயரும் மட்டும் தெரிந்தாலும் தேடலாம், நேரம்தான் கூட எடுக்கும். தேடுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் கட்டணம் உண்டு.

எந்தப் பதிவகம் என்பதில்தான் ஆட்கள் அலைகிறார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், அதுவரை யாழ்ப்பாணத்தோடு இருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தை 1970களின் கடைசியில்தான் அக்கம்பக்க மாவட்டங்களில் இருந்து வெட்டி எடுத்தார்கள். ஆகவே இன்றைக்கு உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பார்க்காமல், தேடுகிற ஆண்டில் அது எந்தக் கச்சேரிக்குக் (அரசாங்க மாவட்டக் கந்தோருக்குக்) கீழ் இருந்தது என்று பாருங்கள். அதற்கு இன்னொரு சாவியும் இருக்கிறது. பழைய பத்திரங்கள் ஊரைப் பற்றுகள் என்ற பழைய நிர்வாகப் பிரிவுகளை வைத்துச் சொல்லும்: கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கிழக்குமூலை, நடுச்செட்டிக்குளம், பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, துணுக்காய். உங்கள் ஊர் எந்தப் பற்றில் இருந்தது என்பது தெரியாமல் சுவடிக்கூடத்துக்குப் போவது விலாசம் இல்லாமல் கடிதம் போடுவது மாதிரி.

பற்றுகளையும் ஊர்களையும் குளங்களையும் பற்றி ஒரே இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால், வன்னியில் அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான். துரைமாரின் தோரணையும் அதில் தாராளமாக உண்டு, அதைத் தள்ளிவிட்டு விவரங்களை எடுங்கள். காய்ச்சலும் வரட்சியும் குளம் உடைவதுமாக வன்னியில் எத்தனையோ ஊர்கள் கைவிடப்பட்டுப் போயின. தாத்தா சொன்ன ஊர்ப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் ஊரே பொய் என்று நினைக்காதீர்கள், அது இன்று ஒரு வயலின் பெயராகவோ தூர்ந்த குளத்தின் பெயராகவோ இருக்கக்கூடும்.

முடிக்குரிய காணியும் அளிப்புகளும்

வன்னியில் உறுதிக்காணி குறைவு, காடும் அரச நிலமும்தான் கூட. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. அந்தக் காணியை அரசாங்கத்திடம் வாங்கியவர்களுக்கு முடிக்குரிய அளிப்புப் பத்திரம் கிடைத்தது, அதோடு நில அளவையாளர் வரைந்த ஒரு உரித்து வரைபடம், டீபி (TP) என்பார்கள். டீபி இலக்கம் உங்கள் கையில் இருந்தால் அதை மறக்காமல் எழுதி வையுங்கள். நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் இருந்து இயங்குகிறது, அவர்களுக்கு ஆளின் பெயரைவிட வரைபட இலக்கம்தான் மொழி. வரைபடத்தில் பக்கத்துக் காணிக்காரர்களின் பெயர், குளக்கட்டு, பழைய பாதை எல்லாம் இருக்கும்.

1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் பலரைக் காணி இழக்க வைத்த சட்டம். ஆனால் அந்த அநியாயமே நமக்கு ஆவணம் விட்டுப் போயிருக்கிறது. இன்ன காணிக்கு உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள் என்று அறிவித்தல் போட்டு, வந்தவர்களை விசாரித்து, யாருக்கு எவ்வளவு என்று தீர்த்து அரச வர்த்தமானியில் வெளியிட்டார்கள். பெயர், ஊர், காணி, அளவு. சில நேரம் உங்கள் பூட்டன் அச்சில் வந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். வர்த்தமானி 1802 மார்ச்சில் தொடங்கியது, உடையார், மணியகாரர், முதலியார் போன்ற பதவி நியமனங்கள், காணி ஏலங்கள், இறந்தவரின் சொத்து வழக்குகள் எல்லாம் அதில் வரும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்திலும், லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்திலும் பார்க்கலாம். கியூவில் இலங்கை வர்த்தமானிகளுக்கு சீஓ 58 என்ற தொடர், கவர்னர்கள் எழுதிய கடிதங்களுக்கு சீஓ 54.

நெல் வரிப் பதிவேட்டை மறக்காதீர்கள், ஆட்கள் இதைத் தேடுவதே குறைவு. 1878ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டத்தோடு வயல் வயலாக யார் செய்கிறார், எவ்வளவு வரி என்று இடாப்பு (பெயர்ப் பட்டியல்) போட்டார்கள், 1893 தொடக்கத்தில் அந்த வரி ஒழிந்தது. நெல்லைத் தவிர வேறு பெரிய வருமானம் இல்லாத வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான ஆவணம் இல்லை. பிற்காலக் காணி வழக்குகளில் இந்த இடாப்புகளைச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள், ஆகவே உங்கள் குடும்பத்தில் பழைய காணி வழக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்த வழக்குக் கோப்பைத் தேடுங்கள், வக்கீல் உங்களுக்காக ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருப்பார்.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குப் பிந்தியதுதான் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. இதற்குப் பதிவகத்துக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கும். பெர்மிட் பெற்றவர் பெயர், அவர் நியமித்த பின்னுரித்தாளர் பெயர், யாருக்கு எப்போது மாறியது. பின்னுரித்தாளரைக் கவனியுங்கள், ஏன் மூத்தவனை விட்டு மூன்றாவது மகன் பெயர் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கும். 1958 நெற்காணிச் சட்டத்துக்குப் பிறகான வயல் இடாப்புகளுக்குக் கமநல சேவை நிலையத்தையும், 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்த பிறகான வாக்காளர் இடாப்புகளையும் பாருங்கள். இவை காலனித்துவத்தின் கடைசி நாட்களையும் அதற்குப் பிறகையும் சேர்ந்தவைதான், ஆனால் கீழ்ப்படி இல்லாமல் மேல்படிக்கு ஏற முடியாது.

மலையகத்தில் இருந்து 1958, 1977 இனக் கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு மேலே சொன்னது பெரிதாக உதவாது. அவர்களுக்குத் தோட்டப் பதிவுகளும் தமிழ்நாட்டு மண்டபம் முகாம் வழியாக வந்த ஆவணங்களும்தான் வழி, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அதற்கும் முன்னால்: ஒல்லாந்தர்

யாழ்ப்பாணக்காரர் பெருமையாகச் சொல்லும் தோம்பு என்ற பழைய பதிவேடு வன்னிக்கு அப்படியே பொருந்தாது. தோம்பில் தலைத்தோம்பு, காணித்தோம்பு என்று ஆளும் நிலமும் எழுதப்பட்டன, ஊழியம் யார் செய்ய வேண்டும், தலைவரி யார் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வன்னியிலோ 1658க்குப் பிறகும் நீண்ட காலம் வன்னியர்கள் என்ற உள்ளூர்த் தலைவர்கள்தான் ஆண்டார்கள், ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்தார்கள், கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். 1780களில்தான் ஒல்லாந்தர் நேரடி ஆட்சிக்கு வந்து தோமஸ் நாகல் என்பவரைப் பொறுப்பாக விட்டார்கள், அவர் 1793இல் வன்னியைப் பற்றி எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பு வன்னியைப் பற்றி அறிய யாழ்ப்பாணத் தளபதிகள் எழுதிவைத்துப் போன குறிப்புகளைப் பார்க்க வேண்டும். ஹென்றிக் ஸ்வார்டெக்ரோன் 1697இல் எழுதியது ஆங்கிலத்தில் 1911இல் அச்சானது. அதில் வன்னியர்கள் டொன் பிலிப், டொன் காஸ்பர் என்றெல்லாம் போர்த்துக்கேயப் பெயரோடு வருவார்கள். நல்லமாப்பாணன் என்ற வன்னியரின் பெயரைத் தனியாகத் தேடி "இல்லை" என்று திரும்பாதீர்கள், டொன் என்ற ஒட்டோடும் தேடுங்கள்.

வீட்டில் இருந்தே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்தில் உள்ள ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் இணையத்தில் படமாக இருக்கின்றன, அவற்றில் பல லட்சம் பக்கங்களைக் குளோபலைஸ் என்ற திட்டம் கணினியால் வாசித்து எழுத்தாக்கி வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம். டச்சு எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டும்: நம்முடைய உகர ஓசைக்கு அவர்கள் ஓ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள், யகரத்துக்கு ஜே, வகரத்துக்கு டபிள்யூ. முள்ளியவளையைத் தேடினால் எம், ஓ, ஈ என்று தொடங்குங்கள். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார், அதற்காகக் கோபப்பட முடியாது, நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் நாமே இன்றும் ஏழு விதமாக எழுதுகிறோம்.

பழைய ஓலைச் சுவடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆண்டு தமிழ் வருடப் பெயரில் இருக்கும், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1807ஆகவும் இருக்கலாம். உடையாரின் பெயர், வரியின் பெயர், நாணயத்தின் பெயர் என்று வேறொரு சான்று சேராமல் முடிவு கட்டாதீர்கள். ஓலையை வெயிலில் விரித்துப் படம் எடுக்க வேண்டாம், நிழலில் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்தின் கீறல் தெரியும்.

படையில் இருந்தார் என்று சொல்லும் கதைகள்

இனிப் பலரும் ஆவலாகக் கேட்கும் விஷயம். "எங்கட பூட்டன் வெள்ளைக்காரன்ர ஆமியில இருந்தவர், அதுக்குத்தான் இந்தக் காணி குடுத்தவங்கள்." இருக்கலாம். ஆனால் அதை நம்புவதற்கு முன் எந்தக் காலம் என்று கேளுங்கள், பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து உள்ளூர்ப் படையாள் லஸ்கரின். முதலியார், ஆராச்சி என்ற பட்டங்கள் அந்தப் படையில் தலைமைப் பதவிகளாக இருந்தவை, பின்னால்தான் அவை கச்சேரிப் பதவியாகின. சேவைக்குச் சம்பளமாகக் காணி கொடுக்கும் வழக்கம் ஒல்லாந்தரிடம் இருந்தது உண்மைதான், அது பெரும்பாலும் தெற்குக் கரையோரங்களில். ஆங்கிலேயர் வந்த கொஞ்சக் காலத்திலேயே கவர்னர் நோர்த் அதை நிறுத்தினார். ஆகவே குடும்பத்தில் முதலியார் பட்டம் இருந்தால் எந்த நூற்றாண்டு முதலியார் என்று பாருங்கள்.

1803இல் வன்னித் தலைவன் பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கியதும், ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிரிபேர்க்கிடம் தோற்றதும் வன்னிக்காரர் எல்லாருக்கும் தெரியும். பண்டார வன்னியன் பரம்பரை என்று சொல்லும் வீடுகளை எண்ணினால் அவருக்கு ஒரு ஊர் நிறையப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். அந்தச் சண்டையைப் பற்றிக் கவர்னரின் கடிதங்களில் இருக்கிறது, தலைவர்களின் பெயர் வரும். வேலோடு பின்னால் நின்ற குடியானவனின் பெயரை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கதை இருந்தால் கதையாகவே எழுதி வையுங்கள், யார் யாருக்குச் சொன்னது என்பதையும் சேர்த்து.

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் வைத்திருந்த இலங்கை ரைபிள் ரெஜிமென்டில் மலாயர்தான் பெரும்பான்மை, 1873இல் அதைக் கலைத்துவிட்டார்கள். அந்தப் படையின் ஆட்பட்டியல்கள் கியூவில் டபிள்யூஓ 12 தொடரில் உண்டு. வன்னித் தமிழ்ப் பெயரை அதில் தேடி நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன், குடும்பத்தில் உறுதியான ஒரு காகிதம் இருந்தால் மட்டும் போங்கள். 1881இல் தொண்டர் காலாட்படை வந்தது, 1910இல் இலங்கைப் பாதுகாப்புப் படை. தோட்டத்துரைமாரின் ரைபிள் படை ஐரோப்பியருக்கு மட்டும்.

முதலாம் உலகப் போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதைப் பளபளப்பாக்கித் தேய்க்காதீர்கள், முதலில் விளிம்பைப் பாருங்கள். இலக்கம், பெயர், படைப்பிரிவு அதில் பொறித்திருக்கும். பிரித்தானியப் படைப்பிரிவுகளில் சேர்ந்தவர்களின் பதக்க அட்டைகள் கியூவில் டபிள்யூஓ 372இல், இணையத்திலேயே தேடலாம். இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்தவை, அவை மட்டும் இருந்தால் சான்றாகாது, சம்பளப் புத்தகமோ விடுவிப்புச் சான்றிதழோ தொப்பிச் சின்னம் தெரியும் படமோ வேண்டும். போரில் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டாலே போதும்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைக்கு விமானத் தளம் போட்டார்கள். அப்படியான இடங்களில் மண் வெட்டினவர்கள், கல் சுமந்தவர்கள், வண்டில் ஓட்டினவர்கள், குசினியில் நின்றவர்கள் எல்லாரும் வீட்டில் "ஆமியில வேலை" என்றுதான் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது "ஆமிக்காரர்" ஆகிவிடும். படைப்பதிவில் இல்லை என்பதற்காக அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை.

சீருடை இல்லாத கட்டாயச் சேவையையும் பாருங்கள். 1832இல் இராசகாரியம் ஒழிந்தது என்று புத்தகங்கள் சொல்லும், ஆனால் 1848 வீதிச் சட்டம் 18க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் றோட்டில் வேலை செய்ய வேண்டும் அல்லது காசு கட்ட வேண்டும் என்றது. அதற்கு ஊர் ஊராக ஆண்களின் பட்டியல் எடுக்க வேண்டியிருந்தது. பதவி, காணி, வழக்கு ஒன்றிலும் வராத ஏழை ஒருவரின் பெயர் வரக்கூடிய இடம் அது. சுவடிக்கூடத்தில் கேட்கும்போது மாவட்டத்தைப் பார்த்த உதவி அரசாங்க ஏஜண்டுமாரின் நாட்குறிப்புகளையும் கேளுங்கள். எந்தக் குளம் பார்க்கப் போனார், எந்த உடையார் என்ன முறையிட்டார், யாரை வேலையால் நிறுத்தினார் என்று நாளுக்கு நாள் எழுதியிருப்பார்கள். வாசிக்கச் சுவாரசியமான ஆவணமும் அதுதான்.

தேடிப் போனால் பிடிக்காததும் வரும். தோம்பிலும் பிற பதிவுகளிலும் சாதி எழுதப்பட்டிருக்கும், இலங்கையில் அடிமை முறை சட்டப்படி 1844இல்தான் முற்றாக ஒழிந்தது, அதற்கு முன்பான அடிமைப் பதிவேடுகள் கியூவில் டீ 71 (T 71) தொடரில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் அதில் எந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தாலும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு குடும்பத்தைப் பற்றிக் கண்டதைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சில ஊர்களில் அந்தப் பழைய கணக்கு இன்னும் முடியவில்லை.

கண்டுபிடித்ததை எழுதும்போது தொகுதி, பக்கம், திகதி, எந்தக் கந்தோர் என்பதைப் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். "மாமா சொன்னது" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் வைகாசியில் வந்தால் நல்லது, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எங்கெங்கோ சிதறிப்போன கிழடுகட்டைகள் எல்லாம் ஒரே வெளியில் வந்து நிற்கும், முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் எந்தக் குடும்பம் எந்தத் தொண்டைப் பரம்பரையாகச் செய்கிறது என்று விசாரித்தாலே பாதி வம்சாவளி வந்துவிடும். அதே நாட்களை ஒட்டித்தான் வெசாக்கும் வரும், கந்தோர்கள் பூட்டியிருக்கும், ஆகவே சுவடிக்கூட வேலையை அதற்கு முந்திய கிழமையில் முடியுங்கள். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கொண்டு போங்கள், பென்சிலும் கொண்டு போங்கள், பேனை உள்ளே விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை.